வரைபடம் முந்தியதா, பலகை முந்தியதா? மாதிரிக் கப்பல் பெட்டியும் இந்தியக் கப்பற்கட்டுமான வரலாறும்

மரத்தாலான மாதிரிப் பாய்மரக் கப்பலைக் கட்டுவதற்கென விற்கப்படும் கிட் பெட்டியைத் திறப்பவரின் கையில் முதலில் அகப்படுவது மரமன்று, காகிதம். நான்காகவும் எட்டாகவும் மடித்த வரைபடத் தாள்கள் மேலே இருக்கும். அவற்றின் அடியில் லேசரால் வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டைகள், விரல்நுனி அளவிலான பித்தளைப் பீரங்கிகள், பல தடிமன்களில் நூற்கண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு; அந்த எண்ணுக்கு வரைபடத்தில் ஓர் இடம் உண்டு. பெட்டி வீட்டுக்கு வரும்போதே கப்பல் காகிதத்தில் முழுமையாக இருக்கிறது. கட்டுபவர் அதை மரத்துக்கு மாற்றுகிறார், அவ்வளவே.

வேலையின் வரிசையும் முன்பே விதிக்கப்பட்டதுதான். முதலில் கப்பலின் அடித்தண்டாகிய ஏரா. அதில் வெட்டப்பட்டிருக்கும் காடிகளில் குறுக்குத் தடுப்புகள் ஒவ்வொன்றாகப் பொருந்தி நிற்கும். கப்பலின் விலாவாகிய வங்குகளின் வேலையை இத்தடுப்புகளே செய்கின்றன. அந்த எலும்புக்கூடு நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து, விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்த பின்னரே பலகையிடல் தொடங்கும். பட்டைகளை நீரில் ஊறவைத்து, சூடேற்றி வளைத்து, முன்முனையாகிய அணியத்தை நெருங்கும் இடத்தில் அகலத்தைச் செதுக்கிக் குறைத்து ஒட்டவேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு அடுக்குப் பலகை. உள்ளடுக்கு மலிவான வெளிர்மரம். அதன் குறைகளை மேலடுக்கு மறைத்துவிடும். பின்னர் பாய்மரம், பருமல், கயிறுகள். ஏணிக்கயிறுகளின் முடிச்சுகள் மட்டுமே மாதக்கணக்கில் ஒருவரைக் கட்டிப்போடும். பெரிய கப்பலொன்றை முடிக்க ஆண்டுகள் ஆவது வியப்பன்று.

வரைபடம், எலும்புக்கூடு, தோல் என்னும் இவ்வரிசை இயல்பானதாகவே தோன்றும். வேறெப்படி ஒரு கப்பலைக் கட்டமுடியும் என்ற கேள்வியே கட்டுபவருக்கு எழுவதில்லை. ஆனால் இவ்வரிசை வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட தேவையால் உருவானது. இந்தியப் பெருங்கடலின் கரைகளில் பல நூற்றாண்டுகளாகக் கப்பல்கள் இதற்கு நேர்மாறான வரிசையிலேயே பிறந்தன. இவ்விரு வரிசைகளும் சந்தித்த இடங்களுள் முக்கியமானது பம்பாய்.

ஐரோப்பிய வரிசையின் வேர் கடற்படை நிர்வாகத்தில் இருக்கிறது. ஒரே வகைக் கப்பல்களைப் பல துறைகளில், ஒருவரையொருவர் அறியாத தச்சர்களைக் கொண்டு கட்டவேண்டிய அரசுக்கு, தச்சரின் கண்ணும் கையும் போதாது. வடிவம் ஆளிடமிருந்து பிரிந்து பயணம் செய்யவேண்டும். அதற்கெனவே மூன்று கோணப் படங்கள் வந்தன: பக்கத்தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதி அகலத்தோற்றம், குறுக்கே அறுத்தாற்போன்ற உடற்தோற்றம். மூன்றையும் படிக்கத் தெரிந்தவர் எந்தத் துறைமுகத்திலும் அதே உடலை எழுப்பிவிடலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இங்கிலாந்தில் செய்யப்பட்ட கடற்படை வாரிய மாதிரிகள் இம்முறையின் உடன்பிறப்புகள். பெரும்பாலும் 1:48 அளவில், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலமாக, செய்யப்பட்டவை. சாமுவேல் பீப்ஸ் இவற்றைச் சேகரித்தவர். இம்மாதிரிகளில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகையிடாமல் வங்குகளை வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். எலும்பைக் காட்டுவதே பெருமை. ஆயினும் அந்த வங்குகளின் அடுக்கு உண்மைக் கப்பலின் அடுக்கன்று, அழகுக்காக எளிமையாக்கப்பட்டது. மாதிரியின் மெய்ம்மைக்கு அன்றே ஓர் எல்லை இருந்தது. இன்றைய கிட் பெட்டி இந்த மரபின் பேரப்பிள்ளை.

வரைபடமின்றி மாதிரி செய்தவர்கள் ஐரோப்பாவிலும் உண்டு. நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமிலும் பிற சிறைகளிலும் அடைபட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், உணவில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கி, நினைவிலிருந்து கப்பல்களைச் செய்து விற்றார்கள். அவற்றில் பாய்மரங்கள் அளவுக்கு மீறி உயர்ந்திருப்பதுண்டு. அளவுகோலைவிடக் கப்பலைக் கண்ணாரக் கண்ட நினைவே அவற்றில் ஓங்கி நிற்கிறது.

இனி பம்பாய். 1736இல் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்திலிருந்து லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரை அங்கு அழைத்து வந்தது. அவருடைய வழித்தோன்றல்கள் தலைமைக் கப்பற்தச்சர்களாக ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அத்துறையை நடத்தினர். பேரர் ஜம்சேத்ஜி பொமன்ஜியின் காலத்தில் பம்பாய்த் தேக்குக் கப்பல்களை ஆங்கிலேயக் கடற்படையே கேட்டு வாங்கியது. போர்களால் ஓக் மரம் அருகிப்போயிருந்த காலம் அது. மலபார்த் தேக்கோ கடலில் நீண்டு உழைத்தது, ஓக்கைப்போல இரும்பாணியை அரிக்கவும் இல்லை. 1810இல் 74 பீரங்கிகள் கொண்ட மிண்டன் போர்க்கப்பல் இங்கிருந்து நீரில் இறங்கியது. 1813இல் இறங்கிய கார்ன்வாலிஸ் கப்பலில்தான் 1842இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலுள்ள ஓவியத்தில் ஜம்சேத்ஜி கையில் ஒரு கப்பல் வரைபடத்துடன் காட்சியளிக்கிறார். அது வெறும் அலங்காரப்பொருள் அன்று. காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்பதே ஒரு பார்சித் தச்சரைக் கடற்படையின் கணக்கில் தலைமைத் தச்சராக்கியது.

அந்தக் காகிதம் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு டிரிங்கோமலி ஃபிரிகேட்டின் வரலாறே சான்று. 1812 அக்டோபரில் அதைக் கட்ட ஆணை பிறந்தது. வடிவம் புதியதன்று. 1782இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய ஏபே என்ற கப்பலின் உடலை அளந்து, அதையொட்டி வகுத்த லீடா வகைக் கப்பல்களில் ஒன்று. வரைபடங்கள் ஜாவா என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் அந்த ஜாவாவைத் தோற்கடித்தது. கைப்பற்றிய கப்பல் கரைசேர்க்க முடியாத அளவுக்குச் சிதைந்திருந்ததால் எரித்துவிட்டார்கள். டிரிங்கோமலியின் முதற்படியும் அதனுடன் போயிற்று. மறுபடி எடுத்து மீண்டும் அனுப்பவேண்டியதாயிற்று. பம்பாயில் மரம் இருந்தது, தச்சர்கள் இருந்தார்கள், மூன்று தலைமுறை அனுபவம் இருந்தது. இருந்தும் கப்பல் காகிதத்துக்காகக் காத்திருந்தது. 1817 அக்டோபர் 12 அன்றுதான் அது நீரில் இறங்கிற்று. இன்று இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

வரைபடத்தை எரித்த கான்ஸ்டிடியூஷன், உலகெங்கும் கிட் பெட்டிகளில் மிக அதிகமாகக் கிடைக்கும் கப்பல்களுள் ஒன்று. இந்திய நகரங்களில் இப்பொழுதுபோக்கில் இறங்குபவர்களும் பெரும்பாலும் அதையோ, நெல்சனின் விக்டரியையோ வரவழைத்துத்தான் தொடங்குகிறார்கள். தம் ஊர்த் துறையில் பிறந்த போர்க்கப்பலின் வரைபடம் எந்தக் கப்பலால் அழிந்ததோ, அதையே மும்பையில் ஒருவர் மேசைமேல் கட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

ஒரே வரைபடம் ஒரே கப்பலைத் தருகிறதா என்பது இங்கு எழும் அடுத்த கேள்வி. லீடா வகையில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று டிரிங்கோமலி. மற்றொன்று சாத்தம் துறையில் கட்டி 1824இல் இறக்கிய யூனிகார்ன்; அது இப்போது டண்டீயில் இருக்கிறது. அடிப்படைக் கோடுகள் ஒன்றே. ஆனால் ஒன்று தேக்கு, மற்றொன்று ஓக். யூனிகார்னின் உடற்கட்டில் சர் ராபர்ட் செப்பிங்ஸ் புகுத்திய புதிய முறைகள் ஏறியிருக்கின்றன. இரண்டையும் 1:64 அளவில் கிட் பெட்டிக்குள் அடைத்தால் ஏறத்தாழ ஒரே தடுப்புகளை வெட்டவேண்டியிருக்கும். வரைபடம் புறவடிவத்தைச் சொல்லும். எந்தப் பலகை எந்தப் பலகையை எப்படிப் பற்றுகிறது என்பதைச் சொல்லாது.

பற்றும் முறையில்தான் மேற்கிந்தியத் தச்சர்களின் தனித்தன்மை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் வாழ்ந்த ஜான் ஹென்றி குரோஸ் தம் பயணநூலில் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் பலகைகளின் தட்டையான விளிம்புகளை ஒன்றோடொன்று முட்டவைத்து, இடுக்கில் நார் திணித்துக் கலப்பற்று வேலை செய்வார்கள். இங்கோ ஒரு பலகையின் விளிம்பில் படிவெட்டி, அடுத்ததன் விளிம்பு அதில் கவ்வி அமரும்படி இழைத்தார்கள். இப்படிக் கவ்விய பலகைகள் தமக்குள்ளேயே ஓர் உறுதியான ஓடாகிவிடும். அந்த ஓட்டுக்கு வடிவம் தர வங்கு தேவையில்லை, வலுச்சேர்க்கவே தேவை.

இந்தியப் பெருங்கடலின் பழைய வரிசை இதுதான். ஏராவைக் கிடத்தி, அணியத்தண்டையும் பின்முனையாகிய அமரத்தின் தண்டையும் நிறுத்தி, அடிப்பலகையிலிருந்து ஒவ்வொன்றாக மேலேறுவது. ஒவ்வொரு பலகையும் தனக்குக் கீழே அமர்ந்ததைப் பார்த்தே செதுக்கப்படும். உடல் உருவான பிறகு, அதன் உட்புற வளைவுக்கேற்ப வங்குகளை வெட்டிப் பொருத்துவார்கள். தையற்கப்பல்களில் விளிம்போரம் துளையிட்டு, இடைவெளிமேல் தேங்காய்நார் மெத்தையிட்டு, கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். அங்கும் பலகையே முதல், வங்கு பிறகு. வடிவத்தைத் தீர்மானிப்பது முன்கூட்டி வரைந்த கோடன்று. வேலை நடக்கும்போதே தலைமைத் தச்சரின் கண் எடுக்கும் முடிவு. கேரளத்தின் பேப்பூரில் உரு கட்டும் ஆசாரிமார் வரைபடமின்றி மனக்கணக்கில் கட்டுபவர்கள் என்று புகழப்படுவது இதனால்தான். கலாசிகளையே உருவின் தச்சர்கள் என்று எழுதும் பிழை அடிக்கடி காணக்கிடைக்கிறது. கலாசிகள் கட்டிய கப்பலை நீரில் இறக்கும் கலைஞர்கள். அது வேறு கைத்திறன்.

மனக்கணக்கு என்ற சொல்லைப் புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆவணக்காப்பகத்தில் அதன் விளைவு கடுமையானது. வரைபடம் உள்ள கப்பல் மூழ்கினாலும் காகிதத்தில் இருக்கும். வரைபடம் இல்லாத கப்பல், கடைசித் தச்சர் உளியைக் கீழே வைக்கும் நாளில் முடிந்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எத்மோன் பாரிஸ் (1806–1893). கப்பல்களில் உலகைச் சுற்றிவந்த காலத்தில், நங்கூரமிட்ட இடமெல்லாம் கரையிலிருந்த படகுகளை அளந்து வரைந்தார். ஆர்டெமிஸ் கப்பற்பயணக் காலத்தில் இயந்திர விபத்தொன்றில் இடக்கையை இழந்தும் வரைவதை நிறுத்தவில்லை. 1840களில் வெளிவந்த, ஐரோப்பியரல்லாத மக்களின் கப்பற்கட்டுமானம் பற்றிய அவருடைய பெருநூலில் நூற்றுக்கும் மேற்பட்ட படத்தகடுகள் உள்ளன. கங்கைப் படகுகள், மலபார் பத்தமார்கள், சோழமண்டலக் கரையின் தோணிகள், அலையுடைக்கும் மசுலாக்கள் எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. பின்னாளில் பாரிசின் லூவ்ரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபோது, அப்படங்களைக் கொண்டு மாதிரிகளும் செய்வித்தார். அதே காலப்பகுதியில், இலங்கைத் திருகோணமலையின் கப்பற்துறையில் தலைமைத் தச்சராயிருந்த ஜான் எடி, சோழமண்டல, மலபார், இலங்கைக் கலங்களைப் பற்றிய கட்டுரையை 1834இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் வெளியிட்டார். இன்று பத்தமாரின் மாதிரியைச் செய்ய விரும்பும் எவரும் பெரும்பாலும் இத்தகைய 19ஆம் நூற்றாண்டுத் தாள்களையே நாடவேண்டியிருக்கிறது.

பாரிசுக்கு நன்றிக்கடன் உண்டு. அவர் அளக்காமலிருந்தால் பல கலங்கள் பெயரளவிலேயே எஞ்சியிருக்கும். ஆனால் அவர் வரைந்தது தமக்குத் தெரிந்த மொழியில். மூன்று கோணத் தோற்றங்கள், உடலைக் குறுக்கே அறுக்கும் சமதூரக் கோடுகள். அந்தக் கோடுகளை எந்த மலபார்த் தச்சரும் வகுத்ததில்லை. முடிந்த உடல்மேல் அளப்பவர் பின்னர் இட்டவை அவை. இன்றைய மாதிரிக் கலைஞர் அதே கோடுகளைத் தடுப்புகளாக வெட்டி, ஏராவில் நிறுத்தி, மேலே பலகை ஒட்டுகிறார். மேசைமேல் நிற்கும் பத்தமாரின் வளைந்த ஏரா சரி, சாய்ந்த பாய்மரம் சரி, முக்கோணப் பாய் சரி. ஆனால் அது பிறந்த முறை முற்றிலும் தலைகீழ். புறவடிவம் தப்பிப் பிழைத்தது. கட்டிய வரிசை தொலைந்தது. ஏபேயை அளந்த ஆங்கிலேயருக்கு இச்சிக்கல் இல்லை, ஏனெனில் அளந்தவரும் கட்டியவரும் ஒரே வரிசையில் வேலை செய்தவர்கள்.

வரைபடத்தைத் தவிர்த்து மாதிரியையே ஆவணமாக்கும் வழியும் இருக்கிறது. கொல்கத்தாவின் காங்குர்காச்சியில் 2014இல் திறக்கப்பட்ட படகு அருங்காட்சியகத்தில் வங்காளத்தின் நாட்டுப்படகுகள் சிறுமாதிரிகளாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்தவர்கள் மரபுவழிப் படகுத்தச்சர்களே. படகு கட்டுபவர் கையாலேயே சிறுபடகும் உருவாகும்போது, காகிதம் என்ற இடைத்தரகர் இல்லை. இதே ஐயத்தின் இன்னொரு விடை 2022இல் ஹவுரா மாவட்டத்தில் கிடைத்தது. வழக்கொழிந்துகொண்டிருந்த சோட் வகைப் படகொன்றை மரபுத் தச்சர்களைக் கொண்டு முழு அளவில் கட்டச்செய்து, கட்டும் படிகளையெல்லாம் படம்பிடித்தனர். பிரிட்டிஷ் மியூசியத்தின் அழியும் கைவினை அறிவு குறித்த திட்டம் அதற்குத் துணைநின்றது. படகு ஒன்று, அதைக் கட்டிய நாட்களின் பதிவு மற்றொன்று. இரண்டாவதே அரிதானது.

சிறுகலம் செய்யும் வழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று என்பதையும் இடையில் குறிப்பிடலாம். குஜராத்தின் லோத்தல் அகழாய்வில் சுடுமண் படகு மாதிரி கிடைத்தது. ஒடிசாவில் கார்த்திகைப் பௌர்ணமியன்று வாழைமட்டையாலும் தாளாலும் செய்த சிறுபடகுகளில் விளக்கேற்றி நீரில் விடுவது பழைய கடலோடிகளின் நினைவாக. அவற்றில் யாரும் அளவுகோலைத் தேடுவதில்லை.

பம்பாய்க்காரர்கள் வரைபட மொழியை இரவலாகப் பெற்றதோடு நிற்கவில்லை. ஜஹாங்கீர் நவ்ரோஜி, ஹிர்ஜிபாய் மெர்வான்ஜி என்ற இரு வாடியா இளைஞர்கள் 1838இல் இங்கிலாந்து சென்று, யூனிகார்ன் பிறந்த அதே சாத்தம் துறையில் கப்பற்கட்டுமானம் பயின்றார்கள். 1841இல் தங்கள் வாழ்வனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார்கள். அவர்கள் திரும்பிய காலம் நீராவியின் காலம். இரும்புக் கப்பலில் பலகை முதலா, வங்கு முதலா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

அக்கேள்வி திரும்பி வந்தது அண்மையில். 2023இல் இந்தியப் பண்பாட்டு அமைச்சகமும் கடற்படையும் கோவாவைச் சேர்ந்த ஹோடி இன்னொவேஷன்ஸ் நிறுவனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தையற்கப்பல் ஒன்றைக் கட்டும் பணி தொடங்கியது. மூலம், அஜந்தா ஓவியத்தில் காணும் 5ஆம் நூற்றாண்டுக் கப்பல். வரைபடம் இல்லை, எச்சம் இல்லை, சுவரில் ஒரு பக்கத்தோற்றம் மட்டுமே. அந்த ஒரு கோணத்திலிருந்து மற்ற இரண்டையும் ஊகித்து வடிவம் வகுத்தார்கள். கடலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்றறிய, சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையில் மாதிரி செய்து சோதித்தார்கள். கட்டியவர்கள் பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்கள். பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தார்கள். 2025 மே மாதம் கார்வாரில் அது கௌண்டின்யா என்ற பெயருடன் கடற்படையில் சேர்க்கப்பட்டது.

இங்கே மாதிரியின் வேலை மாறிவிட்டது. கிட் பெட்டியின் மாதிரி, இருந்த கப்பலின் நினைவு. சோதனைத் தொட்டியின் மாதிரி, இனி வரவேண்டிய கப்பலின் முன்னோட்டம். நீரின் தடையையும் சாய்வையும் நிலைப்பையும் அது சொல்லும். ஆயிரக்கணக்கான தையல்கள் அலையில் இறுகித் தளரும்போது உடல் எவ்வளவு நெகிழும் என்பதைச் சிறிய அளவில் காட்டுவது எளிதன்று. கயிறும் நாரும் மரத்தைப்போல அளவு சுருங்குவதில்லை. அந்தப் பகுதியைக் கைவினைஞர்களின் பழக்கமே சுமந்தது. கௌண்டின்யாவை நாளை ஒருவர் பெட்டிக்குள் அடைக்க முன்வந்தால், வரைபடத்தைத் தயாரிப்பது கடினமாக இராது. அது இப்போது இருக்கிறது. கடினம் வழிகாட்டிக் கையேட்டின் முதற்பக்கம்தான். காடி வெட்டிய தடுப்புகளை எண் வரிசைப்படி நிறுத்தச் சொல்லித் தொடங்குவதா, இரண்டு பட்டைகளையும் ஊசியையும் நாரையும் கையில் கொடுத்துத் தொடங்குவதா?